வீட்டு ரவுட்டருக்கு இரண்டு பூட்டுகள்

2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் இணைய இணைப்பு வழியாக அனுப்பப்பட்டது என்பது விசாரணையில் தெரிய வந்தது. அங்குக் குடியிருந்தவருக்கும் குற்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவருடைய வைஃபை இணைப்புக்குக் காப்பு இல்லாமற்போனதே காரணம். ஆயினும் விசாரணை முதலில் சென்று நின்றது அவருடைய வாசலில்தான். இணையத்தைப் பொறுத்தமட்டில் ஒரு வீட்டின் முகவரி என்பது அவ்வீட்டு ரவுட்டரின் முகவரியே ஆகும்.

அதற்குப் பின் கண்ணாடியிழை இணைப்பு சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. வைஃபைக்குக் கடவுச்சொல் வேண்டும் என்பதை இன்று பெரும்பாலோர் அறிவர். இணைப்புத் தர வரும் பணியாளர் வீட்டாரின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக அமைத்துவிட்டுப் போவதும் உண்டு. அது அண்டை வீட்டாருக்கும் தெரிந்த எண் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ரவுட்டருக்கு இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. கருவியின் அமைப்புகளையே மாற்றவல்ல நிர்வாகக் கடவுச்சொல் அது. அதனைத் திறந்தவர், வங்கியின் தளத்தை நாடுவோரைப் போலித் தளத்திற்குத் திருப்பிவிடவும் முயலலாம்.

தொழிற்சாலையில் வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாது விடுவதன் விளைவை 2016-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல், ஏறத்தாழ அறுபது இயல்புப் பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டுமே கொண்டு இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவற்றை ஏவி அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில், அமெரிக்காவின் பெரும் இணையத் தளங்கள் பல மணி நேரம் முடங்கின. 2017 ஜூலையில் நம் நாட்டிலும் பாரத் சஞ்சார் நிகாம் சந்தாதாரர்களின் மோடம்கள் இவ்வாறே தாக்குதலுக்கு உள்ளாயின. இயல்புக் கடவுச்சொல் மாற்றப்படாதவையே அகப்பட்டன.

இதில் ஒரு பொருளாதாரச் சிக்கல் உள்ளது. கைப்பற்றப்பட்ட ரவுட்டர் அதன் உரிமையாளருக்குத் தொடர்ந்து ஒழுங்காகவே உழைக்கக்கூடும். நட்டம் வேறெங்கோ ஒருவருக்கு. எனவே வாங்குபவர் விலையையும் வேகத்தையும் பார்க்கிறார், காப்பைப் பார்ப்பதில்லை; விற்பவரும் அதற்கேற்பவே நடக்கிறார். இச்சுமையைக் குடும்பங்களின் மீது மட்டும் ஏற்றுவது முறையாகாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொற்களுடன் இத்தகைய கருவிகளை விற்பதைத் தடை செய்கிறது. பொறுப்பு வைக்கப்பட வேண்டிய இடம் அதுவே.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது அரை மணி நேர வேலைதான். கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். அங்கே இரு கடவுச்சொற்களையும் வெவ்வேறாக மாற்றி, மறையாக்கத்தை டபிள்யூ.பி.ஏ.-3 அல்லது டபிள்யூ.பி.ஏ.-2 என வைத்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். டபிள்யூ.பி.எஸ். என்னும் எளிய இணைப்பு வசதியையும் நிறுத்துவது நலம். அதன் எட்டு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஆகவே ஒரு கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் கருவி அவ்வெண்ணை இரு பாதிகளாகச் சோதிப்பதால், 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிப்பட்டது. வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதால் பெரும்பயன் இல்லை. காமிரா, தொலைக்காட்சி போன்றவற்றை விருந்தினருக்கான தனி இணைப்பில் வைப்பதால் பயன் உண்டு.

சேவை நிறுவனம் தந்த ரவுட்டராயின் அதன் மென்பொருளைப் பெரும்பாலும் நிறுவனமே புதுப்பிக்கும். கடையில் வாங்குவோர் அதற்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும். புதுப்பிப்பு நின்றுபோன கருவியை, அது நன்றாக இயங்கிக் கொண்டிருந்தாலும், மாற்றிவிட வேண்டியதுதான்.