எருமைக் கன்றும் எரிபொருள் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் எருமைக் கன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் வேலை பார்ப்பது மாட்டுத் தீவன ஆலையில். அரைவை மெஷினும் பாய்லரும் என் பொறுப்பு. மூட்டை ஆலையை விட்டுப் போன பிறகு மாட்டின் வயிற்றில் என்ன ஆகிறது என்று பார்க்கப் போனால், தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் படித்ததுதான் அங்கேயும் நடக்கிறது.

பல வீடுகளில் புண்ணாக்கும் தவிடும் கறவை எருமைக்குத்தான். கன்றுக்கு அது தின்று கழித்த மிச்சம். "பால் கறக்கும்போது பார்த்துக்கலாம், இப்ப எதுக்குச் செலவு?" என்பார்கள். கிடாரிக் கன்றுக்கே இந்தக் கதி என்றால் கடாக் கன்றைக் கேட்கவே வேண்டாம். இதற்குச் சிக்கனம் என்று பெயர்!

பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் இன்ஜினை ஓடவிட்டால் டீசல் தீரும், ஒரு அடிகூட நகராது. கன்றும் அப்படித்தான். மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்க, எழுந்து நடக்க, அசைபோட என்று தின்பதில் முதல் பங்கு உயிரோடு இருப்பதற்கே போய்விடும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் எடை கூடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ கன்று. உடம்பைக் காக்க மட்டும் தினம் 2 கிலோ உலர் தீனி, ஒரு கிலோ எடை ஏற அதற்கு மேல் 3 கிலோ தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டரைக் கிலோ கொடுத்தால், மிஞ்சுவது அரைக் கிலோ. 167 கிராம்தான் ஏறும். மூன்றரைக் கிலோ கொடுத்தால் 500 கிராம் ஏறும். இப்போது அந்தக் கன்று இன்னொரு 100 கிலோ ஏற வேண்டும். முதல் வகையில் 600 நாள், 1,500 கிலோ தீனி. இரண்டாம் வகையில் 200 நாள், 700 கிலோ. குறைத்துப் போட்டவர்தான் இரட்டிப்புக்கு மேல் செலவழித்திருக்கிறார்! உடம்பு பெருக்கப் பெருக்கப் பராமரிப்புத் தீனியும் கூடும் என்பதை விட்டுவிட்டே இந்தக் கணக்கு.

அப்படியானால் மூச்சுமுட்டத் தின்னக் கொடுக்கலாமா? அதுவும் கூடாது. அளவுக்கு மீறித் தின்றால் தீனி அசையூண் வயிற்றில் தங்கும் நேரம் குறையும், செரிப்பதும் குறையும். ஏறுகிற எடையும் சதையாக இல்லாமல் கொழுப்பாக ஏறத் தொடங்கும். சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பு அப்படியல்ல, கிலோவுக்கு அது விழுங்குகிற எரிசக்தி மிக அதிகம். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிற்றில் அமிலம் பெருகி, கன்று தீனியையே வெறுத்துவிடும். பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வெறும் வைக்கோலைக் குவிப்பதிலும் பயனில்லை. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். பசுந்தீவனமும் கொஞ்சம் புண்ணாக்கும் சேர்ந்தால்தான் அந்த வைக்கோலே ஒழுங்காகச் செரிக்கும்.

கிடாரி பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது. முர்ரா கன்று பிறக்கும்போது சுமார் 30 கிலோ. சினைக்கு விட ஏறக்குறைய 300 கிலோ வேண்டும். நாளுக்கு 500 கிராம் ஏறினால் 540 நாள். 250 கிராம் ஏறினால் 1,080 நாள். அதன்மேல் சினைக்காலம் 310 நாள். ஒன்று இரண்டேகால் வயது தாண்டியதும் கறவைக்கு வரும், மற்றது நாலு வயதை நெருங்கி. நடுவில் ஒன்றரை வருஷம் பால் இல்லை. தீனியும் தண்ணீரும் ஆள் வேலையும் மட்டும் நடக்கும். கடன் வாங்கி எருமை பிடித்த குடும்பத்துக்கு அந்த ஒன்றரை வருஷம் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எடை போடத் தராசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை. சுற்றளவு 44, நீளம் 36 என்றால் 105 கிலோ சொச்சம். நாம் படித்த உருளையின் கன அளவுதான் இது. வெறும் உருளையாக எடுத்தால் வகுக்க வேண்டியது 767 வரும். தலையும் காலும் இருக்கிறதே, அதற்காக 660! பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் தீனிக்கு முன் அளந்து, சுவரில் கரியால் எழுதி வைத்தால்கூடப் போதும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.