“அருகில்தானே!” என்னும் எண்ணம்

(லூபோக் சீனா வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)

 

தோட்டத்து மக்கள் வெளியூர் செல்லப் பேருந்துக்குக் காத்து நின்ற காலமும், சைக்கிளை மிதித்துச் சென்ற காலமும் உண்டு. இன்று அந்நிலை மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, தாமான்களில் குடியேறி அங்கிருந்து வேலைக்கு வந்து போகின்றன. பால் வெட்டச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், லூபோக் சீனா கடைத்தெருவுக்கோ மஸ்ஜித் தானாவுக்கோ போய் வருவதற்கும் மோட்டார் சைக்கிளே நமக்குக் கால்களாக விளங்குகின்றது. அதனைக் கைவிடுமாறு கூற நாம் இங்குக் கூடவில்லை. அதில் ஏறிப் புறப்படும் ஒவ்வொருவரும் நலமே வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் நோக்கம்.

2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைத் தாங்கும் வயதினர் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்துணைப் பெரிய இழப்பு என்பது விளங்கும்.

விபத்து என்றவுடன் நெடுஞ்சாலையும் மிகை வேகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம்மிடையே அதைவிட அபாயமான ஒன்று உள்ளது. “அருகில்தானே!” என்னும் எண்ணமே அது. மலாக்கா நகருக்குப் போகும்போது தலைக்கவசத்தை மறவாமல் அணிபவர், இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்குப் போகும்போது அதனைக் கூடையிலே போட்டுக்கொண்டு போகிறார். சாலையோ தொலைவைப் பார்த்து ஆளுக்கு ஆள் சலுகை காட்டுவதில்லை.

நம் நாட்டில் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலேயே சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அது இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கின்றது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கண்டறிந்துள்ளனர். ஆயினும் தாடையின் கீழ் வாரைப் பூட்டாமல் அணிந்த தலைக்கவசம், வண்டி மோதியவுடன் தலைக்கு முன்னரே தரையைச் சேர்ந்துவிடும். சிரிம் முத்திரை பெற்றதை வாங்குங்கள். வாரை இறுக்கிப் பூட்டுங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும், அதனை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து, தோட்டத்துச் செம்மண் பாதை பொதுச்சாலையைச் சேரும் முச்சந்தியைக் கவனிப்போம். விடியுமுன், கருநிற உடையில், மங்கிய விளக்குடன் அங்கு வந்து சேரும் தொழிலாளியை லாரி ஓட்டுநர் காண்பது அரிது. மோட்டார் சைக்கிளின் உருவம் சிறியது. ஆதலால் அது உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் வருவதாகவே பிறர் கண்ணுக்குத் தோன்றும். பகலிலும் இதே ஆபத்து உண்டு. இதனை உணர்ந்தே 1992ஆம் ஆண்டில், மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. நமக்கு அண்மையிலுள்ள சிரம்பானிலும், ஷா ஆலாமிலும் அதன் பலனை ஆராய்ந்தனர். பிறர் கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன! ஒரு சிறு விளக்கு செய்த நன்மை இது.

முன்விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. ஒட்டுப்பால் மூட்டையையோ அரிசி மூட்டையையோ பின்னால் கட்டும்போது, அது பின்விளக்கை மறைக்கின்றதா என்று இறங்கிப் பாருங்கள். இருளில் பின்னால் வரும் வாகனத்துக்கு நாம் இருப்பதைக் காட்டுவது அவ்விளக்கு ஒன்றே. பால் வாளியைக் கைப்பிடியில் தொங்கவிடுவதும் தவறு. வண்டியைத் திருப்பும்போது அது கையைத் தடுக்கும். முச்சந்தியில் வண்டியை முழுமையாக நிறுத்தி, இருபுறமும் பார்த்த பின்னரே சாலையில் ஏறுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுமுன்னே அத்தனை தூரம் போய்விடுகின்றது! வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். மழை தொடங்கிய முதற்சில நிமிடங்களில் சாலையிலுள்ள எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து வழுக்கும். அப்பொழுது வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடிக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையை முன்னாலும் இரண்டு பிள்ளைகளைப் பின்னாலும் ஏற்றிப் பள்ளிக்கு விரைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நேரமில்லை என்பது உண்மையே. ஆயினும் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பது சட்டம். அவருக்கும் அளவான தலைக்கவசம் வேண்டும். இருமுறை போய்வர ஆகும் பெட்ரோல் செலவு, மருத்துவமனையில் காத்துக் கிடக்கும் ஒரு நாளைவிடச் சிறிது.

சொக்சோ பற்றியும் அறிந்திருத்தல் நலம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகக் கருதப்படுகின்றது. ஆனால் இடையில் சொந்த அலுவலாக வேறு வழியே சென்றிருந்தால் அந்த உரிமை கிட்டாமற் போகலாம். விபத்து நேர்ந்தால் உடனே போலீசில் புகார் செய்யுங்கள், நிர்வாகத்துக்கும் தெரிவியுங்கள், மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். அந்த உதவித்தொகை குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும். அப்பாவைத் திருப்பித் தராது.

நண்பர்களே! இன்று மாலையே உங்கள் வண்டியருகே சென்று மூன்றைப் பாருங்கள்: பின்விளக்கு எரிகின்றதா? பிரேக் பிடிக்கின்றதா? தலைக்கவசத்தின் வார் பூட்டுகின்றதா? மறுநாள் காலையில் கணவர் புறப்படும்போது மனைவியும், மகன் புறப்படும்போது தந்தையும் “வாரைப் பூட்டினாயா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். “அருகில்தானே!” என்று அவர் சிரித்தால், “அருகில் என்றாலும் பூட்டு!” என்று சொல்லுங்கள்.