சாவா மூவாப் பேராடு

(காங்கேயத்தில் நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காங்கேயத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிவன்மலை, அருணகிரிநாதப் பெருமானால் பட்டாலியூர் எனப் பாடப்பெற்ற திருத்தலமாகும். அங்கு எழுந்தருளியுள்ள அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலின் கண்ணாடிப் பேழையை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். அடியார் ஒருவரின் கனவில் பெருமான் தோன்றி ஒரு பொருளைச் சுட்டியருள்வார். திருமுன் பூக்கேட்டு உறுதி செய்த பின்னர் அப்பொருள் பேழையில் வைக்கப்பெறும். வேறோர் அடியாருக்கு மறு உத்தரவு ஆகும் வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், நெல் என எளிய பொருள்களே பலமுறை அங்கு இடம் பெற்றுள்ளன. இன்று பேழையில் என்ன பொருள் என்று வினவியவாறே மலையேறுவோர் பலர்.

கனவு எதுவும் வேண்டாமலே அடியார் அனைவர்க்கும் விடுக்கப்பெற்ற உத்தரவு ஒன்றும் உண்டு. அதனைத் திருமூல நாயனார் திருமந்திரத்தில் அருளியுள்ளார். ஓவியத் திரை தொங்கும் கோயிலில் வீற்றிருக்கும் இறைவனுக்கு இடுவது, நடமாடும் கோயில்களாகிய மனிதர்களைச் சென்று சேர்வதில்லை. அம்மனிதர்களுக்கு இடுவதோ இறைவனையே சென்று சேர்கிறது என்பது அவர்தம் வாக்கின் கருத்து. இதனைச் சொல்லாத மேடை இல்லை. ஆனால் எவ்வாறு இடுவது, இட்டது எத்தனை நாள் நிற்கும், யாரிடம் சென்று சேரும் என்னும் வினாக்களை மேடைகள் எளிதில் கடந்துவிடுகின்றன. ஒரு நாள் வேட்டி சேலை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதும் ஈகைதான். மறுநாள் அவ்வேழையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை அந்தப் படம் காட்டாது.

நம் முன்னோர் இவ்வினாக்களுக்கு விடை கண்டிருந்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் மாமன்னன் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைக் காண்போர், ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் விடப்பெற்ற செய்தியைப் படிக்கலாம். ஆடு இல்லையேல் 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்பது பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா எனில், தனித்தனி ஆடு சாகும், மந்தை சாகாது. மூத்தவை கழியக் கழிய, ஈன்றவற்றால் எண்ணிக்கை நிரப்பப்பெறும். கொடுத்தவன் மறைந்து, அவன் பேரனும் மறைந்த பின்னரும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இதன் நுட்பத்தைக் காங்கேய நாட்டு மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மழை குறைந்த இம்மண்ணில் உழவர்கள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் கிளுவை வேலியிட்டுப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்துள்ளனர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் வளரும். ஒரு பகுதியில் மாடும் ஆடும் மேயும்போது மற்றொரு பகுதி தழைக்க விடப்பெறும். புல்லை மேயவிடலாம், வேரை மேயவிடலாகாது என்பது இங்குள்ள ஒவ்வொரு பட்டிக்காரரும் அறிந்த செய்தி. காங்கேயம் காளையின் பெயர் நாடெங்கும் பரவியதற்கு இந்த மேய்ச்சல் முறையும் ஒரு காரணம். அக்காலத்து விளக்குக் கட்டளையும் இதே முறையில் அமைந்ததுதான். முதல் நிற்கும், அதன் பயன் நாள்தோறும் ஒழுகும். கோயிலுக்கு ஒளி கிடைத்தது. அதே வேளையில் கையில் முதல் இல்லாத ஓர் இடையன் குடிக்கு ஒரு மந்தையும் பிழைப்பும் கிடைத்தன. இவ்விரண்டாவது பயனைப் பற்றிச் சொற்பொழிவாளர்கள் பேசுவது அரிது.

விளக்கோடு இவ்வறம் நின்றுவிடவில்லை. காஞ்சிபுரம் பகுதியிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து மாணாக்கர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலையும் இயங்கின என்று அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகிய ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் அதில் வரையறுக்கப்பெற்றுள்ளது. கட்டடம் எழுப்பியதோடு கடமை முடிந்தது என அவர்கள் எண்ணவில்லை; அங்குப் பணிபுரிவோருக்கு யார் சோறிடுவது என்பதையும் கல்லில் எழுதி வைத்தனர். இக்காலத்தில் கட்டடத்திற்கு நன்கொடை எளிதில் கிடைக்கிறது. ஆசிரியைக்கும் செவிலிக்கும் மாதந்தோறும் ஊதியம் கொடுக்க முன்வருவோர்தாம் குறைவு.

எழுதி வைத்தலின் அருமையைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறு காட்டும். 1754-இல் எளிய குடியில் பிறந்து, சென்னையில் பெரும் பொருள் ஈட்டி, 1794-இல் மறைந்த அவர், ஆலயத் திருப்பணிக்கும் அறங்களுக்கும் தம் செல்வத்தை உயிலாக எழுதி வைத்தார். அவர் மறைவுக்குப் பின் பல்லாண்டுகள் வழக்கும் பிணக்கும் நீடித்தன. எனினும் எழுத்து இருந்தமையால் நீதிமன்றம் தலையிட முடிந்தது. ஆலயக் கட்டளைகள் போக எஞ்சிய பெருந்தொகை கல்விக்கு ஆயிற்று. 1842-இல் பள்ளி தொடங்கப்பெற்றது. வாய்ச்சொல்லாக நின்றிருப்பின் அப்பொருள் எவர் வீட்டுப் பெட்டியில் அடங்கியிருக்குமோ, இறைவனே அறிவான்.

ஆலயத்துக்கு வந்த பொருளைக் கல்விக்குச் செலவிடலாமா என்று இன்றும் வினவுவோர் உளர். அவ்வினா தவறன்று, 2021-இல் புதிய கல்லூரிகள் தொடங்கப்பெற்றபோது அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு வகுத்துள்ளது. பூசை, திருவிழா, திருப்பணி முதலிய தேவைகள் நிறைவேறிய பின் எஞ்சும் உபரியை மட்டும், உரிய அனுமதி பெற்று, சட்டத்தில் சுட்டப்பெற்ற நோக்கங்களுக்குச் செலவிடலாம். வருவாயற்ற பிற கோயில்களுக்கு உதவுதல், கல்வி நிலையங்கள், ஆதரவற்ற சிறுவர் இல்லங்கள், இயலாதோர் இல்லங்கள் ஆகியன அவற்றுள் அடங்கும்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அன்பர்கள் இதனைக் கண்ணாரக் காணலாம். பழனித் திருக்கோயில் நிருவாகத்தின்கீழ் 1960 முதல் கலைக் கல்லூரியும், 1970 முதல் மகளிர் கல்லூரியும் நடந்து வருகின்றன. 2022 நவம்பரில் அக்கல்வி நிலையங்களின் மாணவ மாணவியர் சுமார் 4,000 பேருக்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் திட்டமும் தொடங்கப்பெற்றது. கொங்கு நாட்டு உழவர் பலர் முடிந்துவைத்துச் செலுத்திய காணிக்கையில் ஒரு பங்கு, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணின் காலை உணவாகவும் ஆகியுள்ளது.

ஆயினும் உண்டியல் பணம் ஒன்றினாலேயே எல்லாம் ஆகிவிடாது; சட்டம் அதற்கு இடந்தரவும் இல்லை. அதற்கு வெளியே உள்ள செல்வத்தையும் நோக்க வேண்டும். காங்கேயத்தைச் சூழ அரிசி ஆலைகளும், தேங்காய்ப் பருப்பு உலர்களங்களும், எண்ணெய் ஆலைகளும் உள்ளன. வெள்ளகோவில் பக்கம் விசைத்தறிகள். திருப்பூரில் பனியன் தொழில். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தருமாறும் அச்சட்டம் பணிக்கிறது. ஆனால் கூட்டு வணிகமாகவும் தனியுடைமையாகவும் நடைபெறும் தொழிலகங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அத்தகையோரின் ஈகை முழுவதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது.

அச்சட்டத்தின் விதிகளில் ஒரு நுட்பம் அனைவரும் அறியத்தக்கது. தம்மிடம் பணிபுரிவோரும் அவர்தம் குடும்பத்தாரும் மட்டுமே பயன்பெறும் செலவு சமூகப் பணிக் கணக்கில் சேராது. அஃதாவது, தொழிலாளிக்குத் தரும் கூலியும் போனசும் அவனுக்கு உரியவை. அவற்றை அறமாக எழுதிக்கொள்ள இயலாது. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சமயம் கூறுவதும் இதுவே. கூலியைக் குறைத்து, மிச்சத்தில் கோபுரத்துக்குப் பொன் வேய்பவரின் கணக்கைப் பெருமான் வேறு ஏட்டில் எழுதுவார்.

மற்றொரு தடையும் உண்டு. 2021 ஏப்ரல் முதல், நிறுவனங்களின் இந்நிதியைப் பெற்றுப் பணி செய்யும் தொண்டு அமைப்புகள் மைய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிதி தவறான கைக்குச் செல்லாதிருக்க இது நல்ல ஏற்பாடே. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்தறிவிக்கும் நான்கு இளைஞர்களிடம் பதிவும் இராது, தணிக்கையாளரும் இரார். கணக்கு எழுத ஆள் உள்ள பெரிய அமைப்புக்கு நிதி மேலும் வந்து சேரும். ஏழையின் குடிசைக்கு அடுத்த தெருவிலேயே நின்று பணிபுரிவோர் வெறுங்கையுடன் இருப்பர். அருளாளர்கள் செய்யத்தக்க சிறந்த உதவிகளுள் ஒன்று, இத்தகைய இளைஞர்களுக்கு ஒரு கணக்கரை ஓராண்டுக்கு அமர்த்திக் கொடுப்பது. அதற்குப் பெயர்ப்பலகையும் கிடைக்காது, பொன்னாடையும் கிடைக்காது. எனவேதான் அதற்கு ஆள் அகப்படுவதில்லை போலும்.

2002 மார்ச்சு மாதத்தில் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்று, பின்னர்ப் பல நூறு கோயில்களுக்கு விரிந்தது. பிறந்த நாள், மண நாள் என ஒரு நாள் அன்னதானத்துக்குப் பொருள் தருவோர் பெருகியுள்ளனர், மகிழ்ச்சி. அவர்களுள் இயன்றோர் ஒரு தொகையை வைப்பாக்கி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் அதே நாளில் அறம் நடக்குமாறு கட்டளையாக எழுதி வைப்பது அந்த 96 ஆடுகளின் வழியாகும். அன்னதானத்துக்கு வர இயலாதோருக்கு, அதாவது படுக்கையில் கிடக்கும் முதியோருக்கும், பணிநேரம் முடியாத ஆலைப் பெண்களின் பிள்ளைகளுக்கும், தனியே ஓர் அறக்கட்டளை எழுதலாம். எழுதும்போது தொகையை மட்டும் குறிக்காமல், யார் பெறுவர், யார் கணக்குக் காட்டுவர், கணக்கை எவர் கேட்கலாம் என்பனவற்றையும் எழுத வேண்டும்.

தஞ்சைக் கல்வெட்டுகளில் விளக்குக் கட்டளை வைத்தவரின் பெயரோடு, ஆடுகளைப் பெற்ற இடையனின் பெயரும், அவனுக்குப் பிணை நின்ற உறவினரின் பெயரும் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆயிரம் ஆண்டு கடந்தும் அப்பெயர்களைப் படிக்க முடிகிறது. இக்காலத்து உபயப் பலகைகளில் கொடுத்தவர் பெயரும் தொகையும் மட்டுமே காணப்பெறுகின்றன.