நுரையின் வேலை

சவரக் கத்தியைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. எத்தனை பிளேடு, எந்தக் கம்பெனி என்று விளம்பரங்களே சொல்லிவிடுகின்றன. கத்திக்கு முன்னால் முகத்தில் ஏறுகிற நுரையைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

தாடி மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உலர்ந்திருக்கும்போது விறைத்து நிற்கும். தண்ணீரை உறிஞ்சினால் உப்பி, இளகி, கத்திக்கு எளிதில் வழிவிடும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். வெறும் தண்ணீரை முகத்தில் அடித்தால் வழிந்து போய்விடும். அதை அங்கேயே பிடித்து வைப்பதுதான் நுரையின் வேலை.

இத்தாலியின் மிலான் நகரத்துச் சோப்பு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அதன் பெயர் செல்லா; 1899-இல் தொடங்கியது. வீட்டுக்குச் சின்னச் சிவப்பு டப்பா; சலூனுக்கு ஒரு கிலோ கட்டி. விரலால் அழுத்தினால் குழியும். குளிக்கும் சோப்பு சோடியம் சார்ந்த காரத்தில் காய்ச்சப்படுவதால் இறுகிவிடுகிறது. சவரச் சோப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் காரம் சேர்கிறது; அதனால் மென்மை, தண்ணீரில் சட்டென்று கரையும் குணம். கொழுப்பிலும் கணக்கு உண்டு. தேங்காய் எண்ணெய் நுரையை விரைவாக எழுப்பும், ஆனால் குமிழிகள் பெரிது, சீக்கிரம் உடைந்துபோகும். ஸ்டியரிக் அமிலம் மெதுவாகத்தான் நுரைக்கும். குமிழிகள் பொடிப்பொடியாக, கெட்டித் தயிர்ப் பதத்தில் நின்றுவிடும். இந்த இரண்டையும் சரியான அளவில் சேர்ப்பதில்தான் சோப்பு காய்ச்சுகிறவரின் கைத்திறன் தெரியும். கிளிசரின் ஈரம் காயாமல் காக்கும்.

இனி வாசனை. செல்லாவைத் திறந்ததும் எழுவது கசப்புப் பாதாம் மணம். பென்சால்டிஹைடு என்ற பொருளின் மணம் அது. ஃப்ளாரன்ஸ் நகரத்துச் சவரச் சோப்பான ப்ரொராசோ யூகலிப்டஸும் மெந்தாலும் கலந்தது. மெந்தால் தோலின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பிய சலூன்களின் பழைய மணம் என்று பலர் நினைவில் வைத்திருப்பது வேறொன்று: லாவெண்டர், கூமரின், ஓக் மரப்பாசி மூன்றின் சேர்க்கை. அந்தப் பாசி நம் பிரியாணியில் விழுகிற கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புதிதாய் அறுத்துக் காயவைத்த புல்லின் மணம் கொண்ட கூமரினை 1868-இல் வேதியியலாளர் வில்லியம் பெர்கின் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார். 1882-இல் பாரிஸின் ஹூபிகான் நிறுவனம் அதை வைத்து ஃபுஜேர் ரொயால் என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. சவரச் சோப்பு, கிரீம் என்று அந்த மணம் அதன்பின் பரவிவிட்டது.

டப்பாவை அழுத்தினால் பீறிடும் நுரை 1950 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. அதில் நுரையை ஊதுவது வாயு. பிரஷைச் சுழற்றும் வேலை மிச்சம். ஆனால் பிரஷால் குழைக்கும்போது எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது. மயிரைத் தூக்கி நிறுத்தி, அடிவரை ஈரத்தைக் கொண்டுபோவதும் பிரஷ்தான். இந்தப் போட்டியில் பழைய சோப்பே மேல்.

ஒரு எச்சரிக்கை மட்டும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரியும், நுரை எழாது. சோப்பைக் குறை சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, பிரஷை அதில் நனைத்துக் குழைத்துப் பாருங்கள். பூசியதும் கத்தியை எடுக்க வேண்டாம். இரண்டு நிமிடம் பொறுங்கள்.