பசிக்கு முதல் பாடம்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டணும். நமக்கு அது சுற்றுலா. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு? மேடும் பள்ளமுமா நடந்து பள்ளிக்கூடம் வரும்போதே பாதி தெம்பு போயிடும். வயிறும் காலியா இருந்தா கரும்பலகையில் எழுதினது கண்ணுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கோப்புக்குள் கொண்டுவந்த ஓர் அதிகாரி இருந்தார். நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் 1912இல் பிறந்தவர். காமராசர் முதலமைச்சரா இருந்தப்போ கல்வித்துறை இயக்குநர். 1956இல் மதிய உணவுத் திட்டம் பரவினப்போ, ஊர் ஊராப் போய் மக்களைச் சேர்த்து அதை நடத்திக் காட்டினார்.

பிள்ளைக்குச் சோறு போட்டா போதுமா? சொல்லிக்கொடுக்கிறவர் வயிறும் நிறையணுமே! அதுவரை அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றா ஓய்வூதியம் கிடையாது. 1955இல் அவங்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் கிடைச்சுது. அதுக்கும் அவர் துணை நின்றார்.

பள்ளிக்கூடங்களுக்கு உழைச்ச அவர் 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார்; 1975 வரை இருந்தார்.

இன்றைக்கு அந்தச் சேர்வராயன் மலை அடிவாரத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கு. மலையிலிருந்து ஒரு பிள்ளை படிக்க இறங்கி வந்தா, முதலில் "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. மதிப்பெண்ணை அப்புறம் கேட்கலாம்!