மோனே பார்த்த வெளிச்சம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு பிரெஞ்சு ஓவியரைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் கிளோத் மோனே. நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் வரைந்தவை வைக்கோல் படப்பு, குளம், அல்லிப்பூ, கடலோரத்தில் உதிக்கும் சூரியன். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதில் எது புதிது?

மோனே 1840-ல் பாரிஸில் பிறந்தவர். வளர்ந்தது லெ ஆவ்ர் என்ற துறைமுக ஊரில். அங்கே பூதான் என்ற மூத்த ஓவியர் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், கடலையும் வானத்தையும் நேரில் பார்த்து வரையப் பழக்கினார். பற்பசை போல டியூபில் அடைத்த வண்ணம் 1841-லேயே வந்துவிட்டதால், வண்ணங்களை வயல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதாயிற்று.

1872-ல் அந்தத் துறைமுகத்தின் விடியலை வரைந்தார். மூடுபனி, இரண்டு மூன்று படகு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன், அவ்வளவுதான். 1874-ல் அதைக் கண்காட்சியில் வைத்தபோது, அந்தப் படத்தின் தலைப்பிலிருந்தே ஒரு விமர்சகர் கேலியாக ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற சொல்லை எடுத்தார். கேலிப் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

அவர் செய்த புதுமை என்ன? 1890, 91-ல் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த படப்புகளை மட்டும் சுமார் 25 படங்களாக வரைந்தார். ஒரே நேரத்தில் பல படங்கள் நடக்கும். வெளிச்சம் மாறியதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குரிய படத்தை எடுப்பார். காலையில் படப்பு ஒரு நிறம், அந்தியில் வேறு நிறம். நிழலுக்கும் கறுப்பு பூசமாட்டார். நீலமும் ஊதாவும் வைப்பார். சுசீந்திரம் கோபுரத்தைக் காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் பாருங்கள். ஒரே வெள்ளைக் கோபுரம் மூன்று நிறத்தில் நிற்கும். மோனே சொல்லவந்தது அதைத்தான்.

பிறகு ஜிவெர்னி என்ற ஊரில் வீட்டோடு ஒரு குளம் வெட்டி, அல்லி வளர்த்து, அதையே ஏறத்தாழ 250 படங்களாக வரைந்தார்.

இனிச் சொல்வதை நம் குடியிருப்பின் பெரியவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1912-ல் மோனேக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சைக்குப் பயந்து பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டார். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளடித்துப் போகும். நீலம் உள்ளே வருவது குறையும். நிறத்துக்காகவே வாழ்ந்தவர், டியூபில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து வண்ணம் எடுக்கும் நிலைக்கு வந்தார். அந்தக் காலத்துப் படங்கள் பல செம்பழுப்பாகக் கலங்கிக் கிடக்கின்றன.

நண்பர் கிளெமான்சோ, முன்னாள் பிரதமர், மருத்துவம் படித்தவர், விடாமல் வற்புறுத்தினார். 1923-ல், 82 வயதில், வலது கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்தது. அன்று உள்ளே வைக்கும் லென்ஸ் கிடையாது. முதலில் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்தார். சரியான கண்ணாடி அமைந்த பிறகு மறுபடியும் தூரிகை எடுத்தார். நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பெரிய அல்லிக்குளப் படங்களில் இறுதிவரை வேலை செய்தார். 1926-ல் இறந்தார். மறு ஆண்டு அவை பாரிஸில் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் திறந்துவைக்கப்பட்டன.

அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. பல நாள் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டிய காலம் அது. இன்று பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். உள்ளேயே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் செய்கிறார்கள். நமக்கு ஆசாரிப்பள்ளம் பக்கத்தில்தான். ‘புரை முற்றட்டும்’ என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிந்தாலோ, வெள்ளை வேட்டி மங்கிய மஞ்சளாகத் தெரிந்தாலோ, இந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் ஒரே ஊரில் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் நாம். அதைத் தெளிவாகப் பார்க்கக் கண் வேண்டாமா?