பாடசாலை யாருடையது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் பாட்டிமார் படித்த நாளில் பாடசாலைக்கு ஒரு முகாமையாளர் இருந்தார். ஆசிரியர்களை அவரே நியமித்தார். அரசு உதவி நன்கொடை வழங்கியது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு, தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன, எங்களதும் அப்படியே.

இன்று ஆசிரியர் வெற்றிடம் ஏற்பட்டால் அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்குத்தான் எழுதவேண்டும். அந்த அதிகாரம் எங்களிடம் இல்லை. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர், ஆசிரியர்களோடு பழைய மாணவிகளுக்கும் இடமுண்டு. வரவு செலவும் தேவைகளும் பேசப்படுவது அங்கேதான். சென்ற கூட்டத்தில் எங்கள் பக்கக் கதிரைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, கட்டடத்துக்குக் காசு அனுப்புகிறீர்கள், நன்றி. கூடவே, கணித வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள்.